மாமியார் வாங்கிய மைக்

மல்லசமுத்திரத்தில் எங்கள் படிப்பகத்தின் முன்னறையில் ஞாயிறுதோறும் கதை வாசிப்போம். பின்னறையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவார்கள். அன்று நான் எழுதிய ஒரு மாமியார் கதையை வாசித்தேன். பெயரை மாற்றியிருந்தாலும் சண்டையெல்லாம் எங்கள் வீட்டுச் சண்டைதான். முடித்து நிமிர்ந்தால், வகுப்பு முடிந்து வாசலில் நிற்கிறார் என் மாமியார்.

அவர் நேராக வந்து மைக்கை வாங்கினார்.

"ஏனுங்க, இது எங்க ஊட்டுக் கதைதானுங்க. எம்மருமவ பொய் சொல்லலீங்க, பாதிதான் சொல்லியிருக்கறா. மீதிய நானே எழுதப் பழகிட்டு வந்து படிக்கறனுங்க. அதையும் கேக்கோணும்."

சில மாதங்களில் மீதிக் கதையைத் தானே எழுதி வந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். அதில் நான் பொல்லாதவள்; அத்தனையும் உண்மை. கை வலிக்கத் தட்டினேன். ஒரே வீட்டில் இருந்தும், ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்டது அந்தப் படிப்பகத்தில்தான். அது நன்றாக இருக்கட்டும்.