செம்பா, அலுமினியமா?

காரைக்காலில் என் பிரவுசிங் சென்டரில் அப்போது ஒரே கம்ப்யூட்டர்தான். பிராசஸர் சூடேறினால் அதன் ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரையும். ஒரு நாள் நரைமீசைக்காரர் ஒருவர் இரண்டு வாட்டர் பிளாக்குகளோடு வந்தார். தண்ணீர் ஓடி பிராசஸரைக் குளிர்விக்கும் உலோகக் கட்டிகள் அவை. ஒன்று செம்பு, ஒன்று அலுமினியம். பேச்சுக்கு நடுவே இரண்டையும் மாறி மாறி வாயில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டார்.

"எது நல்லதுன்னு மாட்டிப் பாத்தாத்தாங்க தெரியும்."

தண்ணீரும் கரண்டுமா என்று பயந்துகொண்டே சம்மதித்தேன். ஃபேனைக் கழற்றிவிட்டு இரண்டையும் மாட்டிப் பார்த்ததில் செம்புதான் ஜெயித்தது. கடையே நிசப்தமானது.

அந்த நேரம் பார்த்து, பிரான்சிலிருந்த கணவரோடு கம்ப்யூட்டரில் பேச வந்த வாடிக்கையாளர் அக்கா ஒருவர், "உங்கம்மா பண்ற அழிச்சாட்டியம் இருக்கே..." என்று ஆரம்பித்தார். மாமியார் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். விருட்டென்று எழுந்து உள்ளே வந்தார்.

"தம்பி, பழைய ஃபேனையே மாட்டச் சொல்லுங்க!" என்று அலறினார் அக்கா.

மீசைக்காரர் மறுபேச்சில்லாமல் மாட்டினார். "செம்புதாங்க," என்று பூரிப்போடு சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் கம்ப்யூட்டர் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.