மூன்றாம் ஓலை

கலாநிதிப் பட்டம் பெற்று ஊர் திரும்பிய பிறகும் நான் விடியற்பூசை முடிந்து வந்து மேசையில் உட்காரும் பழக்கத்தை விடவில்லை. பென்சில்களைச் சீவி வைப்பேன். நாட்குறிப்பில் காற்றின் திசையையும் அன்று செய்ய வேண்டியவற்றையும் எழுதுவேன். செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். இறையியலில் ஆராய்ச்சி செய்த, குருவும் அல்லாத, கன்னியாஸ்திரியும் அல்லாத ஒரு பெண்ணை எங்கே வைப்பதென்று இங்கு யாருக்கும் தெரியவில்லை. படிப்பிக்கக் கேட்டு எழுதிய ஓரிடத்தில் குருவானவர்தான் வேண்டுமென்றார்கள். இன்னோரிடத்திலிருந்து பதிலே வரவில்லை.

ஆகவே மன்னாரில், எங்கள் ஊரான தோட்டவெளியில் அக்காவுடன் இருந்தேன். பங்குச் சுவாமி ஞாயிறு அறிவித்தல்களை என்னிடம் தந்து எழுத்துப்பிழை பார்க்கச் சொல்வார். ஊரில் என்னை ‘டொக்டர் பிள்ளை’ என்றார்கள். அதில் பாதி மரியாதை, பாதி பகிடி.

என் ஆராய்ச்சி இறந்தோருக்கான மன்றாட்டைப் பற்றியது. கட்டி முடித்த புத்தகத்தை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து காட்டியபோது, அக்கா அதைக் கையில் வாங்கி நிறை பார்த்தா.

“இதில என்ன எழுதியிருக்கு?”

கடவுளுக்கு நேற்று, நாளை என்று இல்லை. ஆகவே இருப்பவரா, இறந்தவரா என்று நமக்குத் தெரியாத ஒருவருக்காக வேண்டினாலும் அந்த வேண்டுதல் வீண்போவதில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

“அப்ப நான் அத்தானுக்கு ஒப்புக்குடுக்கிற பூசை சரியோ?”

“சரிதான்.”

“அது போதும்,” என்று புத்தகத்தை அலுமாரிக்கு மேலே வைத்தா.

அத்தான் யுத்த காலத்தில் ஒரு காலை பஸ்ஸில் போனவர். மன்னார்ப் பாலம் கடந்த பிறகு ஒரு சோதனைச்சாவடியில் அவரையும் வேறு சிலரையும் இறக்கி மறித்ததாக அதே பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எந்தச் செய்தியும் இல்லை. அக்காவின் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அக்கா ஒவ்வொரு வருடமும் அத்தானின் பிறந்தநாளுக்கு, அவர் சுகத்தோடு திரும்பி வர வேண்டுமென்று பூசை ஒப்புக்கொடுப்பா. தாலியைக் கழற்றவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல அக்கா விட்டதுமில்லை.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகளுக்கு இன்னாரோடு விவாகம் நடக்க இருக்கிறது, விக்கினம் எதையும் அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று. சுவாமி வழக்கம்போல் அதை எழுதித் தரச் சொன்னார்.

தந்தையின் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

“பேரை மட்டும் எழுது,” என்றா.

அப்படியே எழுதினேன். பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தவர் எங்கள் சங்கிலித்தாம். கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவதும் மணி அடிப்பதும் பூசைப் பாத்திரங்கள் துடைப்பதும் அவர் வேலை. ஓலை வாசிப்பதும் அவர்தான். சரளமாக வாசித்தார். “தோட்டவெளிப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற” என்று தொடங்கி அத்தானின் பெயரைச் சொன்னார்.

அக்கா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கு வரிசையில் உட்கார்ந்திருந்தா. தலைச்சீலையைச் சரிசெய்தா. அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான்தான் எழுதிவிட்டேன் என்பதுபோல.

பூசை முடிந்ததும், பூசைச் சாமான்கள் வைக்கும் சக்கிரீஸ்து அறைக்குப் போனேன். அவர் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நான் எழுதித் தந்ததில அந்தச் சொல் இல்லை.”

“எந்தச் சொல்?”

சொன்னேன். துணியைக் கீழே வைத்தார்.

“சொன்னனானோ?”

“ஓம்.”

“எழுதினதை ஆர் பிள்ளை பாத்தது? கண்ணாடியும் கொண்டுவரேல்லை. பொம்பிளையின்ர தேப்பன்ர பேர் எண்டால் வாய் தன்பாட்டில சொல்லுது. சண்டைக்குப் பிறகு அந்தச் சொல் இல்லாமல் ஓலை வாசிச்சு எவ்வளவு காலம்.”

“வாற ஞாயிறு திருத்தி வாசியுங்கோ.”

“வாசிக்கலாம். முதல் ஓலையில செத்தவர் ரெண்டாம் ஓலையில உயிரோட இருந்தால் சனம் என்ன நினைக்கும்? நீங்கள் டொக்டர், நீங்களே சொல்லுங்கோ.”

“போன கிழமை வாய் தவறினது எண்டு சொல்லிப்போட்டு வாசியுங்கோவன்.”

“பீடத்தடியில நிண்டோ? சுவாமி என்னை வேலையால கலைச்சுப்போடுவார்.”

நான் வீடு போய்ச் சேரும்போது முற்றத்தில் செருப்புகள் கிடந்தன. செய்தி ஏதோ வந்துவிட்டது, அதனால்தான் இப்போது அந்தச் சொல் வாசிக்கப்பட்டது என்று ஊர் எடுத்துக்கொண்டிருந்தது. ஒருத்தி செத்தவீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் சீனியும் தேயிலையும் கொண்டுவந்திருந்தா.

“எப்ப அறிவிச்சவங்கள்?”

“ஒருத்தரும் அறிவிக்கேல்லை. அந்த மனுசன் வாய் தவறிச் சொன்னது,” என்றா அக்கா.

“ஓம், ஓம். இருக்கட்டும்.” வந்தவ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அடுத்து வந்தவர்களுக்கும் அக்கா அதையே சொன்னா. பின்னேரம் வந்தவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி மட்டும் கொடுத்தா. இத்தனை வருடங்களில் முதல் தடவையாக அந்த வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில், “நல்லதாப் போச்சு சம்மந்தி, இனி ஒருத்தரும் கேள்வி கேளாயினம்,” என்றா.

“அம்மா, அப்பிடியே விடுங்கோவன்,” என்றாள் மகள்.

“உனக்கு அப்பாவின்ர முகம் தெரியாது,” என்றா அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னா. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கிழமை முழுவதும் நான் எதையும் படிக்கவில்லை. மேசையில் இருந்தேன். ஒரு மதியம் மீன் வெட்டியபடியே அக்கா கேட்டா: “இனி நான் என்ன பூசை ஒப்புக்குடுக்கிறது? சுகத்துக்கோ, ஆத்துமத்துக்கோ?”

“கடவுளுக்கு ரெண்டும் ஒண்டுதான் அக்கா.”

“அவருக்கு ஒண்டுதான். வாசிக்கேக்க நானல்லோ கேட்டுக்கொண்டு இருக்கிறனான்.”

ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்ட மூன்று பேராசிரியர்களுக்கும் நான் பதில் சொல்லியிருந்தேன். மீன் செதிலை அள்ளிக் கொட்டப் போனேன்.

சனிக்கிழமை அக்கா தானே சங்கிலித்தாமிடம் போனா. இரண்டாம் ஞாயிறு அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தார். பெயர் மட்டும் வந்தது. அந்த இடத்தில் கோயிலில் ஒரு சின்னச் சலசலப்பு எழுந்து அடங்கியது.

வெளியே மணலில் இறங்கியதும் ஒருத்தி ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்தா. எங்களைவிட வயதில் மூத்தவ. அத்தானோடு அதே பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பெடியனின் தாய்.

“ஆள் வந்திட்டாரோ?”

“இல்லை அக்கா,” என்றா எங்கள் அக்கா.

“எங்க வைச்சிருந்தவங்களாம்? என்ர மோனையும் கண்டவராமோ?”

“வரேல்லை அக்கா. போன கிழமை பிழையா வாசிச்சது.”

“எனக்கு மட்டும் சொல்லு. நான் வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்.”

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினா. அந்தத் தாய் நம்பவில்லை. அத்தானை ஒளித்து வைத்திருக்கிறோம், பயத்தில் மறைக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். எங்களோடு வீடு வரை நடந்துவந்தா. உள்ளே வந்து கதிரையில் உட்காராமல் நின்றா. தண்ணீர் வேண்டுமென்று கேட்டா. நான் எடுக்கப் போன நேரத்தில் சாத்தியிருந்த அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தா. அங்கே மகளின் கட்டிலும் கல்யாணச் சாமான்களும்தான் இருந்தன. அக்கா போய் மற்றக் கதவையும் குசினிக் கதவையும் தானே திறந்துவிட்டா. அவ எல்லாவற்றையும் பார்த்து முடித்து, தண்ணீரைக் குடித்து, குவளையைத் திருப்பித் தந்தா.

“கோவிக்காதை பிள்ளை,” என்று சொல்லிவிட்டுப் போனா.

செவ்வாயும் வந்தா, வியாழனும் வந்தா. வாசல் படலையடியில் நின்று ஏதாவது கேட்பா, தேசிக்காய் இருக்கோ, ஊசி இருக்கோ என்று. கண் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

வெள்ளி பின்னேரம் அக்கா என் மேசைக்கு வந்தா.

“மூண்டாம் ஓலையில அந்தச் சொல்லைப் போட்டு எழுது.”

“அக்கா, அவவுக்காக அப்பிடிச் செய்யத் தேவையில்லை. நான் போய் விளங்கப்படுத்துறன்.”

“என்ன சொல்லி விளங்கப்படுத்துவாய்?”

நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

“அவ இனி ஒவ்வொரு நாளும் வருவா. தன்ர பிள்ளையையும் நாங்கள் ஒளிச்சு வைச்சிருக்கிறமெண்டு நினைப்பா. எழுது.”

எழுதினேன். அக்கா நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றா. பிறகு குசினிக்குப் போய் அரிசி களையத் தொடங்கினா.

மூன்றாம் ஞாயிறு சங்கிலித்தாம் தாளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, தேவைக்கு மேல் நிதானமாக வாசித்தார். அந்தத் தாய் இரண்டு வாங்கு முன்னால் இருந்தா. சொல் வாசிக்கப்பட்டதும் அவவின் தோள்கள் இறங்கியதைப் பின்னாலிருந்து கண்டேன். பூசை முடியும் முன்பே எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனா. அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அலுமாரியைத் திறந்து, மகளின் கல்யாணத்தன்று தான் உடுக்க எடுத்து வைத்திருந்த குங்குமச் சிவப்புச் சாறியை வெளியே எடுத்தா. கடைப் பை கூடக் கழற்றப்படவில்லை.

“இதை மாத்தித் தருவினமோ எண்டு கேள்.”

“என்ன நிறம் எடுக்க?”

“வெளிறினதா ஏதாவது.”

மறுநாள் மன்னார் டவுனுக்குப் போனேன். சாறிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா சாறியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கரையைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு குறையும் இல்லையே தங்கச்சி. கலியாணத்துக்கு எண்டுதானே அக்கா எடுத்தவ?”

“ஓம். நிறம் மட்டும் சரிவரேல்லை.”

அதை மடித்து ஒருபக்கம் வைத்துவிட்டு, மேல்தட்டிலிருந்து வெளிர் நிறச் சாறிகளை இறக்கி என் முன்னால் அடுக்கினார். சாம்பல் கலந்த நீலத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன்.