பெற்ற உடம்பு

என் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து, கோல சிலாங்கூருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகளை அம்மா ஏற்கெனவே அப்புறப்படுத்தியிருந்தார். மதியம் எல்லாருக்கும் வைத்த காரமான மீன் சம்பலையே என் தட்டிலும் போட்டார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பூண்டுக் குழம்பு இல்லை, பத்தியம் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, நான் பிள்ள பெக்கலியா?"

"பிள்ளையே இல்லாத வீட்டுல பத்தியம் என்னாத்துக்குடி? அதையே பேசிக்கிட்டு இருக்காத. சாப்புடு லா."

பேசாமல் இருக்கிற ஜென்மமா நான்? தஞ்சோங் காராங்கில், பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் மலாய்க்காரப் பெண் ஒருவர் இருந்தார். சுட்ட கல்லைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் ஒற்றி, இடுப்பை நீளத் துணியால் கட்டுவார். அவரைக் கூட்டி வரச் சொன்னேன்.

"அந்தக் கல்லு ஆன்லைன்லயே விக்கிது. நானே சூடு பண்ணி வைக்கவா?" என்றார் என் கணவர். நல்ல மனசில்தான் கேட்டார். ஆனாலும் எரிந்து விழுந்தேன்.

"இதென்னா, சட்டைக்கு இஸ்திரி போடுற வேலையா? அவங்க காலங்காலமா செஞ்சிட்டு வர்றது. அவங்களே வந்து, அவங்க முறைப்படி செய்யட்டும்."

"அவங்க வழக்கம் நமக்கு எதுக்கு?" என்று அம்மா முணுமுணுத்தார்.

மறுநாள் காலையில் அந்த மக்சிக் வந்தார். அத்தை வயதுள்ள மலாய்ப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். சாமிப் படங்களைப் பார்த்ததும், கால் அந்தப் பக்கம் நீளாதபடி பாயை எப்படி விரிக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டார். கல்லை அடுப்பில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வழக்கப்படி ஓதிட்டுத்தான் உன் மேல கைய வைப்பேன். உனக்குச் சம்மதமா? வேணாம்னா சொல்லிடு, வருத்தமில்ல. ஓதாம செய்ய எனக்குத் தெரியாது," என்றார் மலாயில்.

"ஓதுங்க மக்சிக்," என்றேன். அவர் முணுமுணுத்து முடிக்கும் வரை கைகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

கல்லின் சூடு வயிற்றில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்தது. குடிக்க ஆளில்லாத பால். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மக்சிக் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். "பெத்த உடம்பு, அதுக்குத் தெரியாதா?" என்றவர், எல்லாத் தாயிடமும் கேட்பது போலவே கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பேரு?"

அதுவரை என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் பெயரே வைத்திருக்கவில்லை.

வாசற்படியிலிருந்து அம்மா ஒரு பெயரைச் சொன்னார். சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மக்சிக் அந்தப் பெயரை, உச்சரிப்பு பிசகாமல், மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

என் மகளின் பெயர் எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.