சந்தைச் சதுக்கத்தில் பெரட்டு

இது நடந்தது. ரிங்லெட் என்கிற மலையூருக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், போன வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் பாஞ்சாலையிடம் நேரில் போய்க் கேட்காதீர்கள். கேட்கப் போனவர்களை அவள் எந்த வார்த்தையால் திருப்பி அனுப்பினாள் என்று தோட்டத்துக்கே தெரியும்.

பாஞ்சாலைக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். இப்போது அவளுக்கு என்ன வேலை தெரியுமா? எழுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ்காரி. வெள்ளைத் தொப்பி, தரையைக் கூட்டுகிற பழுப்புப் பாவாடை, கையில் துடைப்பம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயத்தை, இடித்த இடத்தில் ஒரு கம்பெனிக்காரன் பழைய காலத்து இங்கிலீஷ் சந்தை ஊர் ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறான். நடுவில் கல் பாவிய சதுக்கம். மரத்தூண்கள் மேல் நிற்கும் சந்தை மண்டபம். சுற்றிலும் வாசல் குறுகி, பின்பக்கம் நீண்ட கடைகள். உள்ளே போனால் ஸ்ட்ராபெரி ஜாம்.

லிங்கேஸ்வரன் அங்கே கைடு. இறகு செருகிய தொப்பியோடு பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கதை சொல்வான். ராஜா ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார், வாரம் ஒரு நாள் சந்தை கூட்டலாம் என்று. அதிலிருந்து கிராமம் ஊரானது. மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு முட்டைகூட விற்கக் கூடாது, விற்றால் அபராதம். சதுக்கத்தைப் பார்த்த வாசலுக்கு அத்தனை கிராக்கி, அதனால்தான் மனையெல்லாம் குறுகல். கொள்ளைநோய் வந்து பாதி ஜனம் போனது. பிறகு கம்பளி வியாபாரம் வந்து ஊர் நிமிர்ந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டுக் கேட்டு பாஞ்சாலைக்கும் மனப்பாடம்.

அவளுக்கு வயிறு எரிந்தது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். ரொட்டி சுட்டவன், துணி நெய்தவன், தோல் பதனிட்டவன் என்று பேர் பேராக எழுதி மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள்.

"ஏன்டா லிங்கா, அந்தக் காலத்துல ரொட்டி சுட்டவன் பேரெல்லாம் சொல்றியே. இங்க தொண்ணூறு வருஷமா கொழுந்து எடுத்தவங்க பேரு ஒண்ணு சொல்லு, பாப்போம்."

"ஸ்கிரிப்ட்ல இல்லக்கா."

"பெரட்டுக் களத்து மேலதான்டா நிக்கிற. தெரியுமா?"

"தெரியும் லா. தொப்பிய நேரா வைங்கக்கா, பஸ் வருது."

பெரட்டு என்றால் விடியற்காலைப் பேர் கூப்பிடுதல். தோட்டத்துக் கணக்கர், கிராணி, பேர் வாசிப்பார், இருக்கிறவர் குரல் கொடுக்க வேண்டும். அதற்கு அடித்த மணியைத்தான் கம்பெனி கழற்றிக்கொண்டு வந்து மண்டபத்தில் தொங்கவிட்டு, இங்கிலீஷ் சந்தை மணி என்று காட்டுகிறது. புது மணி வாங்க மனசு வரவில்லை போலும்.

லயத்தில் பன்னிரண்டு வீடு. காலி செய்யச் சொல்லிக் கம்பெனி நீட்டிய தாளில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். முதல் கையெழுத்து யாருடையது? பதினோராம் நம்பர் உமாதேவி. பாஞ்சாலைக்கு அடுத்த வீடு, ஒரே சுவர், ஒன்றாகக் கூடை சுமந்த முப்பது வருஷம். கையெழுத்துப் போட்டுவிட்டு கிள்ளானில் மகள் பூவிழியின் பிளாட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் மற்றவர்களும் வரிசையாகச் சரிந்தார்கள். பாஞ்சாலையின் பன்னிரண்டாம் நம்பர் மட்டும் மண்டபத்துக்குப் பின்னால் பிடிவாதமாக நின்றது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். அங்கே டாய்லெட் வரப்போகிறதாம்.

இரண்டு வருஷமாக உமாதேவியின் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. திங்கட்கிழமை மாலை ரிங்லெட் மளிகைக் கடையில் நிற்கும்போது பூவிழி போன் செய்தாள். காது இருந்தவர்கள் எல்லாரும் கேட்டோம்.

"பெரியம்மா, அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. உங்களத்தான் கேக்குறாங்க."

"என் வீட்டுக்கும் சேத்துக் குழி தோண்டிட்டுப் போனவ. அவள எனக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டு அரை கிலோ வெங்காயம் கேட்டாள்.

மறுநாள் காலை 5.31. சூரிய உதயம் பார்க்கிற கூட்டம் ஆறரைக்கு வரும். அதற்குள் சதுக்கத்தைக் கூட்ட வேண்டும். பனி மூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. லிங்காவை, கம்பெனியை, பேர் சொல்லாமல் ஒருத்தியை, எல்லாரையும் திட்டிக்கொண்டே கூட்டினாள்.

சர்... சர்... சர்...

5.36. சத்தம் நின்றது. துடைப்பம் அசைகிறது, சத்தம் இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தாள். காலடியில் கல் இல்லை. மண். ஈரமான செம்மண்.

5.39. கம்பத்து விளக்கு அணைந்தது. மண்ணெண்ணெய் வாடை. இந்தக் காலத்தில் யார் வீட்டில் மண்ணெண்ணெய்?

5.41. மணி அடித்தது.

டங்... டங்... டங்...

மண்டபத்துப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தாள். கயிறு அவள் கட்டின கொக்கியில் கட்டினபடியே இருந்தது.

யாரோ இருமினார்கள். வறண்ட இருமல், இரண்டு முறை. அந்த இருமல் அவளுக்குத் தெரியும். சிவசாமி கிராணி. அவர் போய்ப் பதினொரு வருஷம். கருமாதிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் அவள்.

"செல்லையா."

"இருக்கேன்." இடது பக்கத்திலிருந்து.

"மாரியம்மா."

"இருக்கேன்." மிக அருகில்.

வீட்டு நம்பர் வரிசைப்படி போனது. ஆறாம் நம்பர் ஹரிதாஸ் பேரைக் கூப்பிடவில்லை. ஹரிதாஸ் ஈப்போவில் உயிரோடு இருக்கிறார். குரல் கொடுத்தவர்கள் எல்லாரும்... அவள் வாய்க்கரிசி போட்டவர்கள்.

"உமாதேவி."

சத்தம் இல்லை.

"உமாதேவி."

இருமல். பென்சில் தாளில் ஊன்றுகிற சத்தம்.

மூன்றாம் முறை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் அன்றைய நாள் போச்சு, கூலி கிடையாது. அதனால் தாமதமானவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். முப்பது வருஷம் இவளுக்கு அவளும், அவளுக்கு இவளும் கொடுத்த குரல். முதல் நாள் குடுமிப்பிடிச் சண்டையாக இருந்தாலும்.

போகட்டும், அவள் நாள் போகட்டும் என்று பல்லைக் கடித்தாள் பாஞ்சாலை.

"உமாதே..."

"வந்துட்டு இருக்கா."

வாய்தான் சொன்னது. அவள் சொல்லவில்லை.

பென்சில் கீறியது.

"பாஞ்சாலை."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாஞ்சாலை."

ஓடினாள். பாவாடை தடுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

போனில் மணி 5.48.

மூன்றாம் முறை கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

6.20க்கு லிங்கேஸ்வரன் கதவைத் தட்டினான். "என்னக்கா, துடைப்பத்த நடுவுல போட்டுட்டு வந்துட்டீங்க?" சதுக்கம் எப்போதும் போலக் கல்லாகத்தான் இருந்ததாம். காய்ந்த கல். அவள் செருப்பில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண். அதை அவனும் பார்த்தான். நாங்களும் அவனைக் கேட்டாயிற்று, இல்லை என்று சொல்லவில்லை.

7.10க்குப் போன் வந்தது.

"அம்மா போயிட்டாங்க பெரியம்மா."

"எப்ப?"

"அஞ்சு நாப்பத்தெட்டுக்கு. நேத்து ராத்திரி நல்லா ஆயிட்டாங்க. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுகூட சொல்லிட்டாரு. காலைல திடீர்னு எந்திரிச்சு உக்காந்து, என் கூடை எங்கன்னாங்க."

பாஞ்சாலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"என்னைத் திட்டினாளா?"

"இல்ல பெரியம்மா. யாருக்கோ பதில் சொன்னாங்க. பக்கத்துல இருந்த நர்ஸும் கேட்டாங்க."

"என்ன சொன்னா?"

பூவிழி மூக்கை உறிஞ்சினாள்.

"'பாஞ்சாலையும் வந்துட்டு இருக்கா'ன்னு."