ரயிலுக்குப் போன பொத்தான்கள்

எங்கள் பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த பொம்மை ரயில் கிறிஸ்துமஸ்தோறும் எங்கள் வீட்டுக் குடிலைச் சுற்றி ஓடும். எங்கள் ஊர் பொம்மிடியில் நிஜ ரயில் நாளெல்லாம் போகிறது, எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் பார்க்க மட்டும் தெருவே கூடிவிடும். தொடும் உரிமை பெரியப்பாவுக்கு மட்டும்தான்.

எனக்கு எட்டு வயது. பண்டிகைக்கு முந்தைய நாள் அவர் சேலம் போயிருந்தார். ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கிற சின்னப் பெட்டியின் ஒயரை நான் பிடித்து இழுத்தேன். மாட்டும் முனை உடைந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே சர்க்யூட் அட்டையில் செம்புக்கோடும் உரிந்திருந்தது. சேசுவே! எனக்கு உயிரே போய்விட்டது. சாயங்கால வண்டியில் பெரியப்பா வந்துவிடுவார்.

அழுதுகொண்டே அத்தையிடம் ஓடினேன். பெங்களூரில் ஒரு ரேடியோ கம்பெனியில் ஈயம் பற்றவைப்பவள், பண்டிகைக்கு வந்திருந்தாள். வீட்டில் அதற்குப் பெயர் ‘கம்பி சுடற வேலை’. மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“மொதல்ல மூக்கச் சிந்திட்டு வா புள்ள,” என்றாள்.

அதிரசம் வெந்த அடுப்பிலேயே தடித்த செம்புக்கம்பியைக் காய்ச்சி, பையிலிருந்த ஈயத்தால் உரிந்த கோட்டைச் சேர்த்தாள். உடைந்த முனைக்குப் பதில் எங்கிருந்தோ இரண்டு பிரஸ் பட்டன் கொண்டுவந்து, ஒரு பாதியை அட்டையிலும் மறுபாதியை ஒயரிலும் பற்றவைத்தாள். ஒன்றை மட்டும் தலைகீழாக வைத்தாள்.

“இனி எந்தக் கழுதையும் மாத்தி மாட்ட முடியாது,” என்று என்னைப் பார்த்தாள். சுட்டுக்கொண்ட விரலை அவள் வாயில் வைத்தபோது சேலம் வண்டி கூவியது.

பெட்டியைப் பார்த்ததும் பெரியப்பா கத்தினார். “எவ கை வச்சது இதுல?”

“நான்தாண்ணா. தெரியாம இழுத்துட்டேன்,” என்றாள் அத்தை.

“கையி சும்மாவே இருக்காதா ஒனக்கு?” திட்டித் தீர்த்துவிட்டுத்தான் பட்டனை மாட்டினார். ரயில் ஓடியது. அத்தை பின்னால் ஒளிந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் முன் அத்தை முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நிமிராமல் நின்றாள். பாவம், மார்கழிக் குளிர் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றிய மகராசிக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? ஓடிப்போய்க் கம்பளியை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் போர்த்திவிட்டேன். வீடே சிரித்தது. அத்தையும் சிரித்து, என் கன்னத்தைக் கிள்ளி, கம்பளியை இறுகப் பிடித்தபடி நிம்மதியாக உட்கார்ந்தாள்.

இன்றும் அவளை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அவளுடைய ஒரே புது ரவிக்கையில் மேல் பட்டன்கள் இரண்டும் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. அத்தைக்குக் குளிர் விட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரயில் பார்க்கப் போய்விட்டேன்.