குறுக்கே அடிக்கும் காற்றும் ஒரு ட்ரோன்காரியும்

மருந்தடிக்கும் ட்ரோன் மேலே போய்விட்டால் பயமில்லை. தரையை விட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில்தான் ஓட்டுகிறவளின் மானம் ஊசலாடும். காற்றோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வயல்களில் நான் பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குத்தான் புரியும்.

கிழக்கு பார்த்து

கிளியனூரில் நெல் வயல். எங்கள் மகளிர் குழுவின் மிஷினோடு நானும், பேட்டரி மாற்றிக் கொடுக்கும் என் நாத்தனார் செல்வியும் போயிருந்தோம். நிலத்துக்காரர் கற்பூரம், எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தார். முதல் மருந்து, அதனால் மிஷின் கிழக்கு பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்றார். காற்றோ தெற்கிலிருந்து வந்தது.

இந்த மிஷினுக்கு நீளவாட்டில் இரண்டு கால்கள். எதிர்க்காற்றைத் தாங்கும், பக்கத்திலிருந்து அடித்தால் சாயும். பெரியவர் மனசு நோக வேண்டாம் என்று கிழக்கு பார்த்தே வைத்தேன். ஒரு முழம் எழும்பியது. காற்று விலாவில் இடித்தது. நிறை டேங்க்கோடு அப்படியே சாய்ந்து, இரண்டு றெக்கைகள் முறிந்தன. அவர் கற்பூரத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சகுனமெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சி. உன் மிஷினுக்குத்தான் நேரம் சரியில்ல."

குழுவில் பஞ்சாயத்து

இன்னொரு தரம் விழுந்தால் மிஷினை ரஹீம் பாய்க்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார் குழுத் தலைவி. ரஹீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயிலிருந்து திரும்பிச் சொந்தமாக ஒரு ட்ரோன் ஓட்டுகிறார். வேலையில் படு சுத்தமான ஆள். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. மிஷின் போனால் நான் மறுபடி களை பறிக்கக் குனிய வேண்டும். குனிய மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆனாலும் வீடு வரை தரையைப் பார்த்தே நடந்தேன். செல்விக்குப் பொறுக்கவில்லை.

"விழுந்தது மிஷினு அண்ணி. நீ எதுக்கு தலைய தொங்கப் போட்டுக்கினு வர்ற?"

எந்தக் கட்சி

அதற்குப் பிறகு, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மிஷினைத் தரையில் வைப்பதில்லை. பழைய புடவையைக் கிழித்துச் சவுக்குக் குச்சியில் கட்டினேன். துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் மிஷினின் முகம். வல்லம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே குச்சியை நட்டு நின்றபோது, மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் பச்சையும் சிவப்புமான அந்தத் துணியை வெகுநேரம் ஆராய்ந்தார்.

"எந்தக் கட்சிம்மா? எலெக்ஷன்லகூட இவ்ளோ தூரம் உள்ள வந்து யாரும் கொடி நட்டதில்ல."

பனமலை ஏரிக்கு அருகில்

நெல்லில் இலைச்சுருட்டுப் புழு. கிளம்புவதற்கு இருந்த இடம் ஒரே ஒரு குறுகலான வரப்பு. மிஷினை அதில் நீளவாட்டில்தான் வைக்க முடியும். காற்றோ ஏரியிலிருந்து குறுக்கே அடித்தது. காற்று இறங்கட்டும் என்றேன். நிலத்துக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. "நேத்து வரைக்கும் எங்க நெலத்துல களை எடுத்துக்கினு இருந்தவ, இன்னிக்கு காத்து பாக்குறா" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மிஷினை மேலே எடுத்துக் காட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. விழுந்தால் மிஷின் போகும், எடுக்காவிட்டால் வேலை போகும். ரிமோட்டைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்கு எதிரிலேயே ரஹீம் பாய்க்குப் போன் போட்டார்.

அந்தப் பக்கமே வேலைக்கு வந்திருந்த பாய் ஜல்தியாக வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து ட்ரோனை இறக்கவில்லை. நெற்பயிர் எந்தப் பக்கம் படுத்து எழுகிறது என்று பார்த்தார். "இந்தக் காத்துல எடுத்தா பேஜாரு சார். தங்கச்சி சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, வரப்பில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். அவர்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் பாதி அணைந்தது.

பொழுது சாயக் காற்று இறங்கியது. எடுத்தேன். நேராக எழும்பியது. இருட்டுவதற்குள் வயல் முழுக்க அடித்து முடித்தேன். நிலத்துக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு தம்பி நெலத்துக்கும் வந்துடும்மா. எப்ப எடுக்கறதுன்னு நீயே சொல்லு."

பறக்கவிடக் கற்றுக்கொடுக்க ஊர் ஊராய்ப் பயிற்சி நிலையம் இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் பாவிகளே, நாம் வரப்பில் உட்கார்ந்து வசவு வாங்க வேண்டியிருக்கிறது.