நெய்ச்சோற்றை நோக்கி ஒரு சிவப்பு அம்பு

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது சோறு அல்ல. ஒரு சிவப்பு அம்பு.

நல்லூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு காலி சைட் இருக்கிறது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். அன்று அங்கே ஷாமியானா, வாடகை மேஜைகள், சீரியல் பல்புகள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவர வேண்டும், எல்லோரும் வெட்டவெளியில் சேர்ந்து சாப்பிட வேண்டும் — இதுதான் ஏற்பாடு. எங்கள் தெருவில் இது முதல் தடவை.

மூன்றாவது மேஜையில் ஒரு பெரிய மெரூன் நிற ஹாட்பேக். உள்ளே நெய்ச்சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது. வரிசையில் வருகிறவர்கள் பார்க்கும் பக்கமாக, விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு அந்த அம்பு ஸ்டிக்கர். முனை மேலே... சோற்றைப் பார்த்து.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த உருப்படியை செக்கிங் மேஜையில் விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்... எது தெரிந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவார்கள். அம்பு ஒட்டிய பீஸ் பெட்டிக்குள் போகாது. அவ்வளவுதான் விஷயம். எங்கள் தெருவில் கம்பெனி வேலைக்கு ஆள் போகாத வீடு இரண்டோ மூன்றோ.

அந்த நெய்ச்சோறு நசீமாவுடையது.

நசீமா எங்களுக்கு நான்கு வீடு தள்ளிக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். கணவருக்கு ராயபுரத்தில் சின்னதாக ஒரு பட்டன், ஜிப் கடை. தெருவில் முஸ்லிம் குடும்பம் அது ஒன்றுதான். தெருவைச் சுற்றியிருக்கும் தையல் யூனிட்டுகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்ப வேண்டும் என்பது நசீமாவின் திட்டம். பதினைந்து எவர்சில்வர் டிபன் டப்பாக்களை வாங்கி அலமாரியில் அடுக்கியும் வைத்துவிட்டார். ஆர்டர்தான் இல்லை.

விருந்துக்கு மூன்று நாள் முன்னால் எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"அக்கா, என்ன செஞ்சா எல்லாரும் சாப்பிடுவாங்க?"

"எது வேணும்னாலும் செய்ங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"அப்படிச் சொல்றவங்கதான் மொதல்ல நினைப்பாங்கக்கா" என்று சிரித்தார்.

பிரியாணி செய்யலாமே என்றேன். தலையை ஆட்டினார். "பிரியாணின்னா தின்னுருவாங்க. ஆனா மறுநாளும் பிரியாணிதான் கேப்பாங்க. எனக்கு தினமும் சோறும் குழம்புமாப் போகணும். எங்க வீட்ல சொல்றாரு, இந்த ஊர்ல சாம்பிள் காட்டாம ஆர்டர் வராதாம். இதுதான்க்கா என் சாம்பிள்."

கடைசியில் நெய்ச்சோறும், அதற்கு ஊற்றிக்கொள்ளப் பருப்பில் செய்யும் தால்ச்சாவும் என்று முடிவானது. தால்ச்சாவில் கறி போடாமல் கத்தரிக்காயும் மாங்காயும் மட்டும். கரண்டி முதற்கொண்டு புதிது வாங்கப்போவதாகச் சொன்னார். எனக்கு இரண்டு சந்தேகம் வந்தது. கறி இல்லாத தால்ச்சா ருசிக்குமா என்பது ஒன்று. கறி இல்லை என்று சொன்னால் நம்புவார்களா என்பது இன்னொன்று. இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? நாட்டுக்கோழிக் குழம்பு எனக்கு நன்றாக வரும். ஆனால் கறி என்றால் நான்கு வீடு ஒதுங்கும். குருமா என்றால் பூண்டு சேர்க்காத ஒரு வீடு இருக்கிறது. பாயசம் என்றால் தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பொது மேஜைக்கு ஒரு பாத்திரம் எடுத்துப்போவது நம் அடுப்படியைத் திறந்து காட்டுவது மாதிரி. எண்ணெய் அதிகமா, உப்புக் குறைவா, வீடு சுத்தமா என்று எல்லாவற்றுக்கும் பாத்திரத்திலேயே பதில் தேடுவார்கள். யோசித்து யோசித்து எலுமிச்சை சாதத்துக்கு வந்து சேர்ந்தேன். அதை யாரும் சந்தேகப்பட முடியாது.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர்கூடத் தன் பதார்த்தத்தைச் சொல்லவில்லை. 'நீங்க என்னங்க?' 'இன்னும் முடிவு பண்ணலீங்க, நீங்க?' இப்படியே சனிக்கிழமை வரை ஓடியது. ஞாயிறு மாலை மேஜையில் பார்த்தால் அரிசிம்பருப்புச் சோறு ஐந்து வீடு, எலுமிச்சை சாதம் மூன்று வீடு. எல்லோருமே மாட்டிக்கொள்ளாத பதார்த்தத்தைத் தேடியிருக்கிறோம்.

குழுவின் அட்மின் தனலட்சுமி அக்கா. தெருக்கோடியில் தையல் யூனிட் வைத்திருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வரிசை, மேஜை, நேரம் எல்லாம் அவர் சொன்னபடிதான். வெள்ளிக்கிழமை குழுவில் அவர் போட்டிருந்த செய்தி எனக்கு அப்படியே நினைவிருந்தது: 'சைவத்துக்குத் தனி மேஜை, அசைவத்துக்குத் தனி மேஜை. சந்தேகமா இருக்கறதை முன்னாலயே கேட்டுத் தெளிவு பண்ணிக்குங்க.'

சந்தேகமாக இருப்பது எது? அவர் எழுதவில்லை. எனக்குத்தான் புரிந்தது — அல்லது புரிந்ததாக நினைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு மேஜை மேஜையாகப் போய்ப் பாத்திரங்களை நேராக்கி வைத்தவரும் அவர்தான். அவர் யூனிட்டில் செக்கிங் இருக்கிறது. செக்கிங் இருந்தால் அம்பு ஸ்டிக்கர் இருக்கும். இருபது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆறரைக்கு வரிசை நகர ஆரம்பித்தது. நான் மூலையில் ஷாமியானாக் கம்பத்தோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சுகந்தி என்று ஒரு பெண், பக்கத்துச் சந்தில் குடியிருப்பவர், செக்கிங்கில் வேலை. தட்டோடு வந்தார், நெய்ச்சோற்றுக் கரண்டியில் கை வைத்தார், கண் கீழே இறங்கியது. கை அப்படியே பக்கத்துப் பாத்திரத்துக்கு நகர்ந்தது.

பின்னால் நின்ற தோழி கேட்டார். "ஏன்டீ, வாசமா இருக்குதே?"

"மார்க் பண்ணியிருக்குது பாரு."

"யாரு பண்ணுனா?"

"தெரியல. யாராவது பாத்துத்தான் பண்ணியிருப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே மனதில் எழுதிக்கொண்டேன். யாராவது பார்த்துத்தான் பண்ணியிருப்பார்கள்... யார் பார்த்தது, எதைப் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் தாண்டிப் போனார். அவர் தாண்டியதைப் பார்த்து அடுத்தவர் தாண்டினார். அம்பைக் கவனிக்காதவர்கள்கூட, நிரம்பியிருக்கும் பாத்திரத்தைப் பார்த்துத் தாண்டினார்கள். ஏழு மணிக்கு என் எலுமிச்சை சாதம் காலி. நெய்ச்சோற்றில் ஓரமாகக் குழந்தைகள் எடுத்த இரண்டு கரண்டிப் பள்ளம் மட்டும்.

மேஜைக்குப் பின்னால் நசீமா. கரண்டியை வலப்பக்கம் வைத்தார். பிறகு இடப்பக்கம். பிறகு சோற்றைக் கிளறி, மேலே முந்திரி தெரிகிற மாதிரி செய்தார். அம்பு அவருக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. தெரிந்திருந்தாலும் கம்பெனி வாசலை மிதிக்காதவருக்கு அது வெறும் ஸ்டிக்கர்.

நான் தனலட்சுமி அக்காவிடம் போனேன். நேராகக் கேட்க மாட்டேன். அது தொழில் பழக்கம்.

"அக்கா, உங்க யூனிட்ல சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்குதுங்களா?"

"கெடக்குது கண்ணு, ரோல் ரோலா. ஏன், உங்கூட்டுக்காரரு கம்பெனியில தீந்துபோச்சா?"

"இல்லீங்க, சும்மா..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புள்ள டப்பாவுல எவரோ அம்பு ஒட்டி வெச்சிருக்கறாங்க. நானும் அப்ப இருந்தே பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீங்க ஒண்ணும் ஒட்டலியே, ரிப்போர்ட்டரம்மா?"

"நான் ஏனுங்க ஒட்டப்போறேன்?"

"யாரு என்ன பண்றாங்கன்னு வேடிக்கை பாத்து எழுதறதுக்கு. மூலையில ஒக்காந்து பாத்துட்டே இருந்தீங்கள்ல..."

எனக்குக் கோபம் வந்தது. நல்ல நடிப்பு என்றும் தோன்றியது.

அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். இரண்டு நொடி வேலை. சுரண்டவில்லை. ஆதாரத்தைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தேன். அதைவிட எளிதான காரியம் ஒன்று இருந்தது. தட்டை நீட்டி இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை? கவனித்துக்கொண்டிருந்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். அம்பைப் பார்த்த முதல் நொடியில், 'சோற்றில் ஏதாவது கோளாறா' என்று நானும் நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏழே முக்காலுக்கு நசீமா மூடியைப் போட்டார். ஒரு பக்கம் பிடிக்கவில்லை, அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வயிறு நெறஞ்சிருச்சு போலக்கா."

"ஆமா, ஐட்டம் ரொம்ப அதிகம்" என்றேன்.

"உங்களது தீந்துருச்சே."

என் காலிப் பாத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

திங்கள் காலை ஏழு மணி இருபது நிமிடம். காலிங்பெல். வாசலில் நசீமா, கையில் மெரூன் ஹாட்பேக். தேய்த்துக் கழுவிய பளபளப்பு. திறந்து காட்டினார், அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரை.

"வெறும் டப்பாவாத் திருப்பித் தரக் கூடாதுல்லக்கா."

"இது எதுக்கு எங்களுக்கு?"

"உங்களதுதான்க்கா. என் பாத்திரம் பத்தலைன்னு நேத்து மத்தியானம் கேக்க வந்தேன். நீங்க வெளிய போயிருந்தீங்க. சார்தான் செல்ஃப்ல இருந்து எறக்கிக் குடுத்தாரு. சோத்த ராத்திரி நிட்டிங்ல நைட் ஷிப்ட் ஆளுங்களுக்குக் குடுத்துட்டேன். ஒரு பருக்கை மிஞ்சல."

இரண்டு தீபாவளிக்கு முன்னால் என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த பரிசு இந்த ஹாட்பேக். தெருவில் பத்து வீட்டிலாவது இதே நிறத்தில் இருக்கும். ஞாயிறன்று மேஜைகளில் நான்கு எண்ணினேன். எங்களுடையது ஒன்று எங்கோ செல்ஃபில் கிடப்பதையே மறந்திருந்தேன்.

நசீமா அதை எவ்வளவு கவனமாகக் கழுவியிருக்கிறார் என்றால், சிவப்பு அம்பின் ஓரம்கூட உரியவில்லை.

என் கணவர் மோகன் க்யூ.சி. வேலையில் இருக்கிறார். உருப்படிகளில் குறை கண்டுபிடிப்பது அவருடைய சம்பள வேலை. வீட்டில் அதையே சம்பளம் இல்லாமல் செய்கிறார். ஞாயிறு நான்கரைக்கு ஷிப்மென்ட் என்று கம்பெனியில் கூப்பிட்டதால் விருந்துக்கே அவர் வரவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் ஹாட்பேக்கை வைத்தேன்.

"இந்த ஸ்டிக்கர் யார் ஒட்டுனதுங்க?"

"நாந்தான். போன வருசமே ஒட்டுனேன். மூடி கிளிப்பு அந்தப் பக்கம் உடைஞ்சுபோச்சுல்ல. அமுக்கிப் புடிக்கணும்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லித்தான் குடுத்தேன்."

"குடுக்கும்போது உரிச்சுட்டுக் குடுக்கக் கூடாதுங்களா?"

"டிஃபெக்ட்ட மறைச்சுக் குடுக்கச் சொல்றியா?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். தவறு முதல் பக்கத்தில் வந்திருக்கும், திருத்தம் உள்பக்கத்தில் நான்கு வரி. குழுவில் நானும் நான்கு வரி போட்டேன். 'ஹாட்பேக் எங்களுடையது. அம்பு எங்கள் வீட்டில் ஒட்டியது. மூடிக்காக. சோற்றுக்காக அல்ல.'

முப்பத்தெட்டுப் பேர் படித்தார்கள் என்று காட்டியது. ஒரு பதில் வந்தது, தனலட்சுமி அக்காவிடமிருந்து. 'நாந்தான் ஒட்டுனேன்னு நெனச்சீங்கள்ல? நசீமா, நாளையில இருந்து எங்க யூனிட்டுக்கு நாலு டப்பா அனுப்பு கண்ணு.'

நேரில் சொல்வதுதான் முறை என்று நசீமா வீட்டுக்குப் போனேன். அம்பு என்றால் என்ன, எதற்கு ஒட்டுவார்கள், சுகந்தி ஏன் கையை நகர்த்தினார், நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன்... எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கோபப்படவில்லை. இரண்டு ஈர்க்கு உருவிய பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அப்ப அம்பு இல்லாம இருந்தா சாப்பிட்டிருப்பாங்களாக்கா?"

சாப்பிட்டிருப்பார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று கேட் அருகே நின்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு ஈர்க்கை எடுத்து நானும் உருவ ஆரம்பித்தேன்.

இதை எழுதும் இன்றைக்கு, பதினைந்தில் ஏழு டப்பாக்கள் தினமும் போகின்றன. எட்டு அலமாரியில் இருக்கின்றன.